அடித்தார் என்றால் அடித்தார்

1

"அக்கா, இந்த பேட்ச்ல பாதிப் பேரு நின்னுட்டாளுக. கேட்டா, போன்லயே ஒரு வாத்தியார் இருக்கு, எந்நேரமும் சொல்லிக் குடுக்குது, திட்டாது, சலிச்சுக்கிறாது, பெறகு எதுக்கு மேடம் கிளாஸுங்கிறாளுக. நீ அங்கன இம்புட்டு வருசமாப் பாடம் நடத்துற. நீயே சொல்லு. நம்மள மாதிரி ஆளுக இனிமே வேணுமா வேணாமா?"

போன வாரம் திண்டுக்கல்லிலிருந்து என் தங்கை யாஸ்மின் போனில் கேட்டது இது. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு பாத்திரக் கடையின் மாடியில், நர்ஸிங் முடித்த பெண்களுக்கு அவள் ஜெர்மன் சொல்லிக் கொடுக்கிறாள். நானும் அதே பிழைப்புதான். தோல் பதனிடும் ரசாயனங்கள் தயாரிக்கும் கம்பெனியில் என் கணவருக்கு வேலை கிடைத்ததால் ஜெர்மனிக்கு வந்து, டோர்ட்முண்ட் நகரத்தில் தங்கிவிட்டோம். புதிதாக வந்து சேர்கிற சிரியாக்காரர்கள், உக்ரைன்காரர்கள், எப்போதாவது நம் ஊர்க்காரர்கள், இவர்களுக்கு அந்த நாட்டு மொழியைக் கற்பிக்கிறேன்.

"வேணும்" என்று உடனே சொல்லியிருக்கலாம். என் சோறும் அதில்தானே இருக்கிறது. ஆனால் வாய் வரவில்லை. வினோதாவுக்கு நடந்ததைச் சொல்லாமல் இந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்ல முடியாது. அதில் ரத்தம் இருக்கிறது. யாஸ்மினுக்குப் பாதிக் கதை நேரிலேயே தெரியும். "முழுசா எழுதிரு. இங்க இருக்கவுகளும் படிக்கட்டும்" என்றாள்.

2

முதலில் எங்கள் வாத்தியார் இனத்துக்கு எதிரான வாக்குமூலத்தைச் சொல்லிவிடுகிறேன்.

திண்டுக்கல்லில் நான் படித்த பள்ளியில் எட்டாம் வகுப்பு ஆங்கில வாத்தியாரின் மேஜையில் மரத்தாலான டஸ்டர் ஒன்று இருக்கும். வினைச்சொல்லில் பிழை வந்தால் விரல்களைக் குவித்து நீட்டச் சொல்லி, நகத்தின் மேல் அடிப்பார். நகம் கறுத்து, பின் விழுந்து, புதிது முளைப்பதற்குள் அடுத்த பாடம் வந்துவிடும். எனக்கு இறந்தகாலம் அப்படித்தான் ஏறியது. இப்போதும் ஆங்கிலம் பேசும்போது என் கை தானாக மடங்குகிறது.

என் பக்கத்தில் ரமணி என்று ஒரு பெண் உட்கார்ந்திருப்பாள். அகரத்திலிருந்து பஸ்ஸில் வருவாள். ஒருநாள் ஒரு வாக்கியத்தைத் திரும்பத் திரும்பத் தப்பாகச் சொன்னாள். வாத்தியார் எழுந்து வந்து காதோடு சேர்த்து ஓர் அறை விட்டார். அவள் பெஞ்சில் சரிந்தாள். காதிலிருந்து மெல்லிய கோடாக ரத்தம் இறங்கி வெள்ளைக் காலரில் பட்டது. அதற்குப் பிறகும் அவர் அந்த வாக்கியத்தை முழுதாகச் சொல்லி முடித்துவிட்டுத்தான் பாடத்தை நிறுத்தினார். ரமணி அதன்பின் பள்ளிக்கு வரவில்லை. இன்றும் அவளுக்கு ஒரு பக்கம் கேட்காது. அவளுடைய அப்பாவும் வந்து சண்டை போடவில்லை. வாத்தியார் அடித்தால் அது படிப்பின் ஒரு பகுதி என்று எல்லோரும் நம்பிய காலம்.

இப்படி இருக்கையில், அடிக்கத் தெரியாத ஒரு வாத்தியார் வந்திருக்கிறது என்று சொன்னால், நான் எந்த முகத்தோடு அதை எதிர்ப்பது?

ஜெர்மனிக்கு வந்த புதிதில் நானே மருத்துவமனை வரவேற்பில் நின்றுகொண்டு, "நான் களைத்துப் போயிருக்கிறேன்" என்று சொல்வதற்குப் பதில், "நான் சுட்டுக் கொல்லப்பட்டிருக்கிறேன்" என்று சொல்லியிருக்கிறேன். அந்த மொழியில் இரண்டு சொற்களும் ஒன்றுபோலத்தான் ஒலிக்கும். அங்கிருந்த பெண் சிரித்துவிட்டாள். பின்னால் நின்றவர்களும் சிரித்தார்கள். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். சிரிக்காத வாத்தியார் ஒன்று கையில் இருந்திருந்தால் நானும் அதைக் கட்டிக்கொண்டுதான் தூங்கியிருப்பேன்.

3

நான் வேலை பார்க்கும் டோர்ட்முண்ட் பள்ளியில் போன வருடத்துக்கு முந்தைய வருடம் அந்தப் போன் வாத்தியாரைச் சேர்த்தார்கள். வாரநாள் வகுப்புகள் எல்லாம் போனுக்குப் போயின. மாணவர் பேசினால் அது கேட்கும், திருத்தும், பாராட்டும். சனிக்கிழமை மட்டும் நேரில் வரவேண்டும். அந்தச் சனிக்கிழமைகள் எனக்கு.

வினோதா அப்படித்தான் வந்தாள். நிலக்கோட்டைப் பக்கம் மல்லிகைத் தோட்டம் வைத்திருக்கும் குடும்பம். பி.எஸ்ஸி. படித்தவள். கணவன் ராஜ்குமார் கம்ப்யூட்டர் வேலை. பார்க்க மரியாதையான ஆள். முதல் நாள் அவனே வந்து, "மேடம், நீங்களும் நம்ம ஊரா, ரொம்ப சந்தோசம். இவளுக்கு ஒண்ணும் தெரியாதுங்க, நீங்கதான் பாத்துக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனான். ஒவ்வொரு சனிக்கிழமையும் காரில் கொண்டுவந்து விட்டு, வகுப்பு முடியும்வரை கீழேயே காத்திருப்பான். நல்ல புருஷன் என்று வகுப்பில் இருந்த உக்ரைன் பெண்கள் பொறாமைப்பட்டார்கள்.

அவள் படித்த வேகம் எனக்கு ஆச்சரியம். "வீட்டுல அது கூடத்தான்க்கா பேசிக்கிட்டே இருப்பேன். வேற யாரு கூடப் பேச? அவரு வேலைக்குப் போனா வெளிய பூட்டிட்டுப் போயிருவாரு" என்றாள் ஒருநாள். பூட்டிவிட்டு என்பதை அவள் சொன்ன விதத்தில் ஒரு குறையும் தொனிக்கவில்லை. ஊரிலிருந்து வந்தவள், பயந்த சுபாவம், அதனால் பூட்டச் சொல்கிறாள் போலிருக்கிறது என்று நான் எடுத்துக்கொண்டேன்.

கழுத்தில் எப்போதும் ஒரு துப்பட்டாவைச் சுற்றியிருப்பாள். குளிர் நாடு. யார் கேட்பார்கள்?

4

ஜெர்மன் மொழியில் ஒரு வினோதம் உண்டு. சில வினைச்சொற்கள் இரண்டாக உடையும். முன்பாதி கழன்று வாக்கியத்தின் கடைசிக்குப் போய்விடும். 'ஷ்லாகன்' என்றால் அடித்தல். அதற்கு முன்னால் 'ஃபோர்' என்ற துண்டு சேர்ந்தால் யோசனை சொல்லுதல் என்று பொருள் மாறிவிடும். வாக்கியத்தில் பேசும்போது அந்த 'ஃபோர்' கடைசியில்தான் வரும். அதனால், "என் நண்பன் எனக்கு" என்று தொடங்கி அடி என்கிற சொல் காதில் விழுந்தாலும், பதறாமல் வாக்கியம் முடியும்வரை காத்திருக்க வேண்டும். கடைசியில் 'ஃபோர்' வந்தால் நண்பன் யோசனைதான் சொல்லியிருக்கிறான்.

அந்த வாரம் அந்தப் பாடம். ஆளுக்கொரு வாக்கியம் சொல்லச் சொன்னேன். வினோதா எழுந்து நின்றாள்.

"மைன் மான் ஷ்லேக்ட் மிஷ்."

நிறுத்திவிட்டாள். நான் காத்திருந்தேன். வகுப்பே காத்திருந்தது. அந்தத் துண்டு வரவில்லை. முன்வரிசையில் இருந்த சிரியாக்காரப் பெரியவர் உதவி செய்யும் நினைப்பில், "ஃபோர்" என்று மெதுவாக எடுத்துக் கொடுத்தார். நானும் திருத்துவதற்கு வாயைத் திறந்துவிட்டேன்.

அவள் தலையை ஆட்டினாள். என்னைப் பார்த்துத் தமிழில் சொன்னாள். "இல்லக்கா. அம்புட்டுத்தான் வாக்கியம்."

'என் புருஷன் என்னை அடிக்கிறார்.' அதற்குமேல் அதில் சேர்க்க ஒன்றும் இல்லை.

"இதத்தான் போன்லயும் சொன்னேன். அது, ரொம்ப நல்லாச் சொன்னீங்க, ஒரு சின்னத் திருத்தம்தான்னு ஃபோர் சேத்துக்கிருச்சு. என் கணவர் எனக்குத் தினமும் ஒரு யோசனை சொல்கிறார்னு மாத்திக் குடுத்துச்சு. திரும்பவும் சொன்னேன். திரும்பவும் மாத்துச்சு. நாந்தான் தப்பாச் சொல்றேன் போலன்னு நெனச்சேன். அதான் ஒங்ககிட்டக் கேக்கலாம்னு. நான் சொன்னது சரியாக்கா?"

துப்பட்டாவை அவளே விலக்கினாள். கழுத்தின் இரண்டு பக்கமும் விரல் தடங்கள். புதியவை கருநீலம், பழையவை மஞ்சள்.

"சரிம்மா" என்றேன். "வாக்கியத்துல ஒரு தப்பும் இல்ல."

5

மற்றவர்களை அனுப்பிவிட்டு அவளோடு உட்கார்ந்தேன். என்ன செய்யலாம், பெண்கள் காப்பகம் எங்கே இருக்கிறது என்று பேசிக்கொண்டிருந்தோம். அவள் கீழே வரத் தாமதமானதால் ராஜ்குமார் மேலே வந்துவிட்டான்.

"என்ன மேடம், எக்ஸ்ட்ரா கிளாஸா?" என்று சிரித்துக்கொண்டே வந்தவன், அவள் கழுத்து திறந்திருப்பதைப் பார்த்தான். அந்தச் சிரிப்பு முகத்திலிருந்து போகவே இல்லை. அதோடுதான் அவள் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்தான். நாற்காலியோடு அவளை இழுத்துக்கொண்டு கதவை நோக்கி நடந்தான். நான் குறுக்கே போய்க் கதவு நிலையைப் பிடித்தேன்.

"கைய எடுங்க. இது எங்க குடும்ப விசயம்."

"அவளை விடுங்க" என்றேன்.

அவன் கதவைச் சாத்தினான். என் கை நிலையில் இருந்தது. சாத்தினான், திறந்தான், மறுபடியும் சாத்தினான். எலும்பு முறிகிற சத்தம் வலிக்கு முன்னால் காதில் வந்து விழுந்தது. நான் கீழே விழுந்தபோது அவன் என் விலாவில் உதைத்தான். அவன் என்மேல் திரும்பியிருந்த அந்தக் கொஞ்ச நேரத்தில் வினோதா அவன் பிடியிலிருந்து நழுவி, பக்கத்து அறைக்குள் ஓடித் தாழிட்டாள். கதவுக்கு அப்பாலிருந்து அவள் குரல் கேட்டது. போலீஸிடம் பேசிக்கொண்டிருந்தாள். பெயர், முகவரி, எத்தனையாவது மாடி, ஆபத்து, உடனே வாருங்கள். தெளிவான ஜெர்மன். ஒரு வேற்றுமை உருபுகூடப் பிசகவில்லை.

அந்த வாக்கியங்களை அவளுக்குச் சொல்லிக் கொடுத்தது நான் இல்லை. வேறொரு நாள், பாடம் எதுவும் நடக்காத நேரத்தில், அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது என்று போனிடம் கேட்டிருக்கிறாள். அது எண்ணைச் சொல்லி, வாக்கியங்களைச் சொல்லி, அவள் நாக்கில் படியும்வரை அலுக்காமல் சொல்லவைத்திருக்கிறது. அன்று எங்கள் இரண்டு பேரின் உயிரும் பிழைத்தது அந்தப் பயிற்சியால்தான். இதை மறைத்துவிட்டு யாஸ்மினுக்கு நான் பதில் எழுதினால் அது பொய்.

ஆனால் அதே நாளின் மறுபாதியும் இருக்கிறது. போலீஸ் வந்தார்கள். ராஜ்குமாருக்கு விலங்கு மாட்டினார்கள். ஒரு பெண் காவலர் வினோதாவின் முன்னால் மண்டியிட்டு, மொழிபெயர்க்கும் போனை நீட்டி, உங்கள் தாய்மொழியிலேயே சொல்லுங்கள் என்றார். வினோதாவுக்கு அதுவரை இருந்த தெம்பு அந்த அன்பான குரலைக் கேட்டதும் உடைந்துவிட்டது. வீட்டில் நடந்ததை ஊர்ப் பேச்சில் கொட்டினாள்.

"கதவச் சாத்திப்புட்டு மென்னியப் புடிச்சாரு. பெறகு போட்டுச் சாத்து சாத்துன்னு சாத்துனாரு. பெல்ட்டாலயே வெளுத்துட்டாரு."

போன் அமைதியான பெண் குரலில் ஜெர்மனில் சொன்னது. "அவர் கதவை மூடினார். மென்மையாகப் பிடித்தார். பிறகு மீண்டும் மீண்டும் மூடினார். பெல்ட்டை வெளுத்தார்."

காவலர் புருவத்தைச் சுருக்கினார். "மென்மையாகவா?" என்று கேட்டுக்கொண்டே குறித்துக்கொள்ளப் போனார். நான் தரையில் சுவரில் சாய்ந்து, கையை மடியில் ஏந்திக்கொண்டு கிடந்தேன். விரல்கள் எந்தத் திசையில் இருக்கின்றன என்று பார்க்கத் தைரியம் இல்லை. அங்கிருந்தே சொன்னேன். "அது மென்மை இல்லை. தொண்டை. தொண்டையை நெரித்தான். பெல்ட்டால் விளாசினான். நான் சொல்வதை எழுதுங்கள்."

6

எழுதினார்கள். ஆனால் நானும் அடிபட்டவள், சாட்சி, ஆகவே என் மொழிபெயர்ப்பு செல்லாது என்று பின்னால் ஓர் அலுவலகத்தில் சொன்னார்கள். அரசு அங்கீகரித்த மொழிபெயர்ப்பாளர் வரும்வரை வினோதா காப்பகத்தில் காத்திருந்தாள். வெளிநாட்டவர்க்கான அலுவலகத்தில் வேறு கதை. அவளுடைய விசா புருஷனோடு ஒட்டியது. புருஷனை விட்டு வந்தால் விசாவும் விட்டுப் போகும், கொடுமை நடந்ததை நிரூபித்தால் மட்டும் விதிவிலக்கு. கவுன்டரில் இருந்தவர், "இங்கே அலுவல் மொழி ஜெர்மன். ஜெர்மனில் விளக்குங்கள்" என்றார். தன்னை ஒருவன் எப்படி எப்படி அடித்தான் என்பதை, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வரிசையில் நிற்பவர்கள் கேட்க, புதிதாகக் கற்ற மொழியில் அவள் சொன்னாள். அவர் ஒரு இடத்தில் நிறுத்தி, எதிர்கால வேலைவாய்ப்புக்கு மொழித்திறன் போதுமானதாக இருக்கிறது என்று குறிப்பு எழுதிக்கொண்டார்.

என் கையில் இரும்பு ஊசிகள் வைத்துக் கட்டியிருந்தார்கள். என் மகள் ஹனாவுக்குப் பதினான்கு வயது. கட்டைப் பார்த்து அழவில்லை. கோபப்பட்டாள். எங்களோடு அவள் பேசுவது ஜெர்மன்தான். தமிழ் கேட்டால் புரியும், பேசினால் "அம்மா, நான் வந்துச்சு" என்பாள். சின்னம்மா யாஸ்மினுக்குச் செய்தி அனுப்புவதுகூட மெஷின் எழுதிக் கொடுக்கும் தமிழில்தான். சின்னம்மா அதைப் படித்துவிட்டு, "ஒம் பொண்ணு கலெக்டர் ஆபீஸ்ல இருந்து எழுதுற மாதிரி எழுதுறா" என்று சிரிப்பாள்.

கட்டுப் போட்ட அந்த வாரம் ஹனா போனில் தமிழ் படிக்கத் தொடங்கினாள். ஏன் என்று சொல்லவில்லை. சில நாள் கழித்துச் சமையலறைக்கு வந்து நின்று, தமிழ்ச் சொற்களை நடுநடுவே கலந்து ஜெர்மனில் கேட்டாள்.

"அம்மா, உங்க பாஷைல எல்லாமே அடிக்குது. வெயில் அடிக்குது. காத்து அடிக்குது. போன் அடிக்குது. மணி அடிக்குது. பெயின்ட் அடிக்கிறாங்க, அரட்டை அடிக்கிறாங்க. ஏன் இவ்ளோ அடி?"

எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு வரவில்லை. ஒரு மகள் போன் செய்து "அவரு அடிக்கிறாரும்மா" என்று சொன்னால், நம் வீடுகளில் அது வெயில் அடிக்கிறது என்பதுபோலத்தான் கேட்கிறது. வினோதா தன் அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள், பல தடவை. அம்மா, "அனுசரிச்சுப் போத்தா" என்று சொல்லி போனை வைத்திருக்கிறார். அங்கே எந்த மெஷினும் நடுவில் இல்லை.

"நீ ஏன் தமிழ் படிக்கிற?" என்று கேட்டேன்.

"அந்த போலீஸ் போன் தப்பாச் சொன்னா நான் சொல்லணும்ல" என்றாள்.

7

கை ஓரளவு கூடிய பிறகு கோடை விடுமுறைக்குத் திண்டுக்கல் போனேன். ஹனாவும் வந்தாள். யாஸ்மினின் வகுப்பில் ஒருநாள் பேசக் கூப்பிட்டிருந்தாள். சுமார் இருபது நர்ஸ் பெண்கள் இரும்பு நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். சுவரில் பெரிய டிவி. ஹனா கடைசி வரிசையில். நான் பேசத் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது.

முன்னால் வந்தவன் ராஜ்குமாரின் அண்ணன் மணிமாறன். லாரி வைத்து ஓட்டுகிறவன், கனத்த ஆள். அவனுக்குப் பின்னால் மெலிந்த ஓர் அம்மாள், இடுப்பில் பூக்கூடை வைத்துப் பழகிய வளைவோடு நின்றார். அவர் வினோதாவின் தாய் பஞ்சவர்ணம் என்று சொன்ன பிறகுதான் தெரிந்தது. மகளின் சாயல் சிறிதும் இல்லை.

"ஜெர்மனி டீச்சர் யாரு?" என்றான் மணிமாறன்.

"உக்காந்து பேசுங்க" என்றாள் யாஸ்மின்.

"உக்கார வரல. எந்தம்பி அங்கன ஜெயிலுக்குப் போற நெலமையில இருக்கான். இவுக அந்தப் புள்ளைக்குப் போன் போட்டு கேஸ வாபஸ் வாங்கச் சொல்லணும். இப்பவே. எங்க முன்னாடி."

பஞ்சவர்ணம் என் பக்கத்தில் வந்து கையெடுத்துக் கும்பிட்டார். "டீச்சரம்மா, புருசன் பொண்டாட்டின்னா முன்னப் பின்ன இருக்கத்தான் செய்யும். நீங்க ஒரு வார்த்தை சொன்னா அவ கேப்பா. ரெண்டு வீட்டு மானமும் போகுது."

"மென்னியப் புடிச்சு நெரிச்சத உங்ககிட்டச் சொன்னாளா?" என்றேன்.

"சொன்னா." கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். "எங்க வீட்டுக்காரரும் அடிச்சவருதான். நான் எந்த ஊருக்குங்க ஓடுனேன்?"

"நான் சொல்ல மாட்டேன்மா. அவ உயிரோட இருக்கணும்."

மணிமாறன், பக்கத்தில் காலியாக இருந்த இரும்பு நாற்காலியை ஒரு கையால் தூக்கினான். முதல் வீச்சு டிவியில் விழுந்தது. கண்ணாடி நொறுங்கிச் சிதறியது. இரண்டாவது மேஜை மேலிருந்த கம்ப்யூட்டரில். "பாஷை சொல்லிக் குடுக்குறாளாம் பாஷை. குடும்பத்தக் கெடுக்குற பாஷை." மூன்றாவதற்காக என்னை நோக்கித் திரும்பினான். ஹனா எப்போது எழுந்து ஓடி வந்தாள் என்று எனக்குத் தெரியாது. எனக்கு முன்னால் நின்று, இரண்டு கையையும் விரித்து, "அடிக்காத" என்றாள். ஒரே சொல். பிழை இல்லாத தமிழ்.

நாற்காலி இறங்கியது. அது என் மகள்மேல் விழவில்லை. பஞ்சவர்ணம் இடையில் புகுந்திருந்தார். நாற்காலிக் கால் அவர் தலையில் பட்டு, நெற்றியிலிருந்து காதுவரை பிளந்தது. அவர் கத்தவில்லை. என் கால் பக்கமாக அப்படியே உட்கார்ந்தார். ரத்தம் கண்ணை மூடிக்கொண்டு வழிந்தது.

அடுத்து நடந்தது மிக வேகம். அந்த அறையில் இருந்தவர்கள் எல்லாம் நர்ஸுகள். ஒருத்தி துப்பட்டாவை உருவி மடித்துக் காயத்தின் மேல் வைத்து அழுத்தினாள். ஒருத்தி தலையைத் தன் தொடையில் தாங்கிக்கொண்டு, "அம்மா, கண்ணத் தொறங்க, எம் பக்கம் பாருங்க" என்று பேசிக்கொண்டே இருந்தாள். மற்றவர்கள் மணிமாறன்மேல் விழுந்தார்கள். அடம்பிடிக்கிற நோயாளியைக் கட்டிலோடு சேர்த்துப் பிடிக்கப் பழகிய கைகள். ஆறேழு பேர் சேர்ந்து அவனைக் குப்புறத் தள்ளி, முதுகில் முழங்காலை ஊன்றி, கையைப் பின்னால் முறுக்கிப் பிடித்தார்கள். உடைந்த கண்ணாடியில் அவன் கன்னம் கிழிந்தது. ஒருத்தி செருப்பைக் கழற்றி அடித்தாள். அதை யாரும் தடுக்கவில்லை. நானும் தடுக்கவில்லை.

8

பெரியாஸ்பத்திரியில் தையல் போட்டார்கள். போலீஸ் கேஸ் என்பதால் காவலர் ஒருவர் வந்து பஞ்சவர்ணத்தின் கட்டில் பக்கத்தில் நின்று எழுதத் தொடங்கினார். மணிமாறனின் ஆட்கள் வராந்தாவில் அவரோடு ஏற்கெனவே பேசியிருந்தார்கள்.

"என்னம்மா, வாக்குவாதத்துல நெல தடுமாறி விழுந்து அடிபட்டுச்சு, அப்படித்தான?" என்றார் காவலர். எழுதியும் கொண்டிருந்தார்.

தமிழ் தெரிந்த மனிதர், தமிழ் பேசும் மனுஷியின் தலையில் தையலைப் பார்த்துக்கொண்டே, 'அடித்தான்' என்பதை 'விழுந்தார்' என்று மாற்றிக்கொண்டிருக்கிறார். போனாவது தெரியாமல் மாற்றியது.

பஞ்சவர்ணம் எழுந்து உட்கார முயன்றார். "விழுகல. அடிச்சான். இரும்புச் சேரால அடிச்சான். அடிச்சான்னே எழுதுங்க சார்."

"சம்பந்தி வீடும்மா. யோசிச்சுக்கங்க."

"நீங்க எழுதுனத அடிச்சுட்டு நாஞ் சொன்னத எழுதுங்க. படிச்சுக் காட்டுங்க. பெறகுதான் கைநாட்டு."

அவர் எழுதிப் படித்துக் காட்டும்வரை அந்த அம்மாள் படுக்கவில்லை.

யாஸ்மின், நீ கேட்ட கேள்விக்கு இப்போது வருகிறேன். இலக்கணம் சொல்லித் தருவதற்கு இனிமேல் நாம் தேவைப்படாமல் போகலாம். அதை மெஷின் நம்மைவிடப் பொறுமையாகச் செய்கிறது. நகத்தில் அடிக்காமல் செய்கிறது. வினோதா இன்றும் அதோடுதான் படிக்கிறாள், நான் தடுக்கவில்லை. ஆனால் ஒருத்தி எழுந்து நின்று சொல்கிற வாக்கியம் பாடத்துக்கான உதாரணமா, அவள் உயிரா என்று பார்த்து, உயிர்தான் என்று நம்பி, அதற்காகக் கதவுக்கும் நிலைக்கும் நடுவில் கையை வைக்க ஒரு ஆள் வகுப்பில் வேண்டும். மெஷினின் விரலை எந்தப் புருஷனும் நசுக்க முடியாது. அதனால் அது எவ்வளவு கேட்டாலும் ஒன்றும் ஆகிவிடுவதில்லை. அப்படி ஓர் ஆளாக இருக்க முடியாத வாத்தியார் யாராக இருந்தாலும், எட்டாம் வகுப்பில் எனக்கு வாய்த்தவரைப்போல, அவருடைய இடத்தை மெஷின் எடுத்துக்கொள்ளட்டும். நல்லதுதான்.

ராஜ்குமாருக்குத் தண்டனை கிடைத்தது. நாம் நினைத்ததைவிடக் குறைவு. வினோதாவின் பக்கத்தில் வரக்கூடாது என்று உத்தரவும் இருக்கிறது. அவளுக்குத் தனி விசா கொடுத்தார்கள். ஒரு மருத்துவமனைச் சமையலறையில் வேலை பார்க்கிறாள். மணிமாறன் ஜாமீனில் வெளியே இருக்கிறான். வழக்கு நடக்கிறது.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். அன்று ஆஸ்பத்திரியில், காவலர் போன பிறகு, பஞ்சவர்ணம் மகளிடம் பேச வேண்டும் என்றார். வீடியோவில் கூப்பிட்டுக் கையில் கொடுத்தேன். வினோதா அங்கே வேலையில், தலையில் வெள்ளைத் தொப்பியோடு தெரிந்தாள். தாயின் கட்டைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பஞ்சவர்ணம் போனை முகத்துக்கு மிக அருகில் பிடித்திருந்தார். வெகுநேரம் மகளின் கழுத்தையே பார்த்தார்.

"ஏத்தா. ஒன்னைய அடிக்கையில இப்பிடித்தான் வலிச்சுச்சா?"

அந்தப் பக்கம் தலை மட்டும் அசைந்தது.

"அப்ப இங்குட்டு வராத. அங்கனயே இரு. இங்கன நடக்குற கேஸ்ல நான் சொல்லிக்கிறேன்."

பேசி முடித்ததும் போனை என்னிடம் நீட்டினார். எதை அழுத்தினால் அணையும் என்று அவருக்குத் தெரியவில்லை. நான் வாங்கினேன், அணைக்கவில்லை. வினோதா அங்கே பாத்திரங்களுக்கு நடுவில் நின்று அழுதுகொண்டிருந்தாள். நான் போனை மறுபடியும் அந்த அம்மாள் பார்க்கும்படி கட்டிலின் ஓரத்தில் சாய்த்து வைத்தேன்.